சகடை: கீழிருந்து எடுத்த அளவுகள்

பிறக்கும்போது அது குண்டு போடுகிற விமானமில்லை.
பதினேழு பேர் இருந்து போகவென்று
சீனாவில் எங்கோ ஒரு பட்டறையில் செய்தது.
பிறகு யாரோ ஒருவன் திருகாணி கழற்றி
ஆசனங்களை வெளியே எடுத்தான்.
அந்தப் பதினேழும் எங்கே போயின என்பது
இன்றைக்கும் எனக்குள் கிடக்கிற கேள்வி.
பலாலிக் காவல் கொட்டிலில்
எவனாவது ஒன்றில் சாய்ந்து தேத்தண்ணி குடித்திருப்பான்.

பெயர் நாங்கள் வைத்தது.
கல்லொழுங்கையில் வெறும் வண்டில் போகிற சத்தம்:
சகடை.
மற்றவை வானத்தைக் கிழித்துக்கொண்டு போய்விடும்.
இது ஆறுதலாக வரும்,
கடன் கேட்க வந்த சொந்தக்காரர் மாதிரி
இரண்டு வட்டம் சுற்றி
பிறகுதான் விஷயத்துக்கு வரும்.

கொக்குவில் ரியூற்றரியில்
பத்மசொரூபிதான் முதலில் எண்ணினாள்.
பீப்பா கதவைவிட்டு உருளுவது வெறுங்கண்ணுக்குத் தெரியும்.
பத்தில் வெடித்தது.
கொப்பியின் பின்மட்டையில் அரை ஜீ ரி வர்க்கம்.
ஐந்நூறு மீற்றர் என்றாள்.
உடனே அதை வெட்டினாள்.
“காற்றுத்தடையைப் புறக்கணிக்க எண்டு
எல்லாப் பேப்பரிலயும் போடுறாங்கள்.
இது குத்துக்கரணம் அடிச்செல்லே வருது,
காத்து பிடிச்சுப் பிடிச்சு விடுது.”

எங்களைப்போல அதுவும் படித்தது.
ஆனியில் கையால் தள்ளினார்கள்,
ஒரு சுற்றுக்கு ஒன்று.
ஆவணியில் ஒரே ஓட்டத்தில் மூன்று விழுந்தன:
உள்ளே தண்டவாளம் பூட்டியிருக்க வேண்டும்.
கீழிருந்து சுடத் தொடங்க, மேலே போனது.
பதினேழு எண்ணினோம்.
ஏழு செக்கன் எங்களுக்கு லாபம்.
அந்தளவுக்கு அதன் குறி கெட்டது,
சந்திக்கென்று வந்தது சுடலையில் விழுந்தது.
ஏழு செக்கனில் அடுப்பை அணைக்கலாம்.
சைக்கிளைப் பூட்டலாம்.
பூட்டின ஒருவனை எனக்குத் தெரியும்.

தாவடியில் ஒன்று வெடிக்காமல் வாழைக்குள் கிடந்தது.
குருநகரில் வள்ள எஞ்சின் திருத்துகிற பொனிபாஸ்
மூக்கில் துணி கட்டிக்கொண்டு திறந்தார்.
டீசல், றப்பர்த் துண்டு, ஆணி,
ஒரு சோடி கதவுப் பிணைச்சல்,
புத்தம் புதிது, எண்ணெய்த்தாள்கூடக் கழற்றவில்லை.
பிணைச்சல் அவருடைய கோழிக்கூட்டுக்குப் போனது.
பீப்பாவில் மழைத்தண்ணி பிடித்தார்கள்.
மாரி முடியும்வரைக்கும் தேத்தண்ணியில் டீசல் மணம்.

புரட்டாதியில் ஒரு வியாழன்
முகில் இறங்கியிருந்தது.
அதனால் அதுவும் இறங்கியிருந்தது.
பதினேழை நம்பி நாங்கள் நடந்தோம், ஓடவில்லை.
எனக்குப் பின்னால் எண்ணிக்கொண்டு வந்தாள்,
எட்டு,
ஒன்பது,
கொப்பி விழ, எடுக்கக் குனிந்து

பத்து என்று சொன்னாளா
எனக்கு நிச்சயமில்லை.

பன்னிரண்டு வருடம் கழித்து
பலாலியிலிருந்து கொழும்புக்கு டிக்கெட் எடுத்தேன்.
அதே இனம். சத்தம்தான் முதலில் காட்டிக்கொடுத்தது.
சன்னல் பக்கம் இடம், கையில் ஒரு ரொபி.
காலடிக் கம்பளம் ஓரம் கிழிந்திருந்தது.
செருப்பைக் கழற்றிப் பெருவிரலால் தடவினேன்:
தகரத்தில் பசை வைத்து அடைத்த துளைகள்,
கதவை நோக்கி வரிசையாக.
எல்லா விமானத்துக்கும் துளை இருக்கும் என்பார்கள்.
இருக்கலாம்.

கீழே கொக்குவில் எது, இணுவில் எது?
பனையும் ஓடும் புகையிலைத் தோட்டமும்
ஒட்டுப்போட்ட சாக்கு மாதிரி ஒன்றாய்க் கிடந்தன.
இங்கிருந்து ஒரு ரியூற்றரியைத்
தெரிந்து போட்டிருக்கவே முடியாது.
அது எனக்கு ஆறுதல் தந்திருக்க வேண்டும்.
தலையை உள்ளே எடுத்து
ஆசனங்களை எண்ணத் தொடங்கினேன், முன்னுக்கிருந்து.

“செபமோ தம்பி?” என்றார் பக்கத்திலிருந்தவர்,
“வாய் அசையுது.”
ஓம் என்று சொல்லிவிட்டு
பதினொன்றாவதுக்குப் போனேன்.